விண்டோஸ் 10 லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: விண்டோஸை அழிக்காமல் நிறுவும் முறை

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. தனிப்பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல்லில் ஏறத்தாழ 8ஆம் தலைமுறையோ அதற்கு மேற்பட்டதோ ஆன பிராசசரும் வேண்டும். 2016 வாக்கில் வாங்கிய ஐ5 லேப்டாப்புகள் இங்கேயே கழிக்கப்பட்டுவிடுகின்றன. அவற்றில் பழுது எதுவும் இல்லை. விண்டோஸின் மூலநிரல் ஒரே நிறுவனத்தின் சொத்து. அது எந்த மெஷினில் எதுவரை ஓடலாம் என்பதும் அவர்கள் முடிவுதான். லினக்ஸ் திறமூல இயங்குதளம், அதாவது அதன் மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். அதற்கு அப்படி ஒற்றை முதலாளி கிடையாது. பழைய சிப்பின் டிரைவரைப் பராமரிக்க ஆள் இருக்கும்வரை அந்தச் சிப் ஓடும்.

தமிழக அரசு மாணவர்களுக்குத் தந்த இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். அதே இரட்டை அமைப்பைத்தான் இப்போது நாமே செய்யப்போகிறோம். எடுத்துக்கொள்வது லினக்ஸின் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22 வரிசை. 2029 வரை இதற்கு அப்டேட் உண்டு. விண்டோஸ் பழகிய கைக்கு மெனுவும் அந்நியமாக இருக்காது.

தேவையானவை

64 பிட் பிராசசர், 4 ஜிபி ரேம், வட்டில் 50 ஜிபி காலியிடம், 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று. பென்டிரைவில் இருப்பது முழுக்க அழியும். 4 ஜிபி ரேம்தான் என்றால் மின்ட்டின் சின்னமன் பதிப்பை விட்டு, அதைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ (Xfce) பதிப்பை இறக்குங்கள். ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்ற வசதியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். வேகத்தில் எந்த இயங்குதளமும் தர முடியாத மாற்றத்தை அது தரும்.

படி 1: விண்டோஸில் முன்வேலை

அவசரப்படுபவர்கள் தாண்டிப் போகும் பகுதி இது; பிறகு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

போட்டோ, ஆவணங்களை வெளி வட்டில் நகலெடுங்கள். அடுத்து, வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். பூட்டியிருந்தால் அணைத்துவிடுங்கள், அணைக்க விருப்பமில்லை என்றால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரல்) அமைப்பைத் தொட்டதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும்.

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுங்கள். அது இயங்கும்வரை ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது. பாதித் தூக்கத்தில் வட்டைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது.

'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து 'பயாஸ் மோட்' எதிரே யுஇஎஃப்ஐ (UEFI, புதிய தொடக்க முறை) என்றிருக்கிறதா, லெகசி (Legacy, பழைய முறை) என்றிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பென்டிரைவிலிருந்து தொடங்கும்போதும் அதே முறை வேண்டும். முறை மாறினால் நிறுவிய பிறகு தொடக்க மெனுவில் விண்டோஸ் பெயரே வராது.

கடைசியாக, டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவை வலது சொடுக்கி 'ஷ்ரிங்க் வால்யூம்' தேர்ந்து 51200 எம்பி என்று கொடுங்கள். அது 50 ஜிபி. காலியிடம் ஏராளமாக இருந்தும் அவ்வளவு குறைக்க விடவில்லை என்றால், இடத்தைவிட்டு நகராத பேஜ் ஃபைலும் ஹைபர்னேஷன் கோப்பும் குறுக்கே நிற்கின்றன. இரண்டையும் தற்காலிகமாக அணைத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். கிடைத்த காலியிடத்தில் புது டிரைவ் எதுவும் உருவாக்காதீர்கள்.

படி 2: பென்டிரைவ்

மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ (முழு நிறுவல் வட்டின் நகல்) கோப்பை இறக்குங்கள்; 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 7-ஜிப் (7-Zip) மென்பொருள் இருந்தால் கோப்பை வலது சொடுக்கி எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பார்த்துத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்து இறங்கிய கோப்பு நிறுவும்போது நடுவழியில் பிழை காட்டும். பலர் வட்டின் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள். ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் மென்பொருளில் பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்து 'ஸ்டார்ட்' கொடுங்கள். அதில் பகுதி அமைப்பு (partition scheme) யுஇஎஃப்ஐ மெஷினுக்கு ஜிபிடி, லெகசிக்கு எம்பிஆர்.

படி 3: நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்

லேப்டாப்பை ஆன் செய்ததும் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸ் லேப்டாப்புகளில் பெரும்பாலும் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயாஸில் அதை முதலில் இயக்க வேண்டியிருக்கும்.

மின்ட் பென்டிரைவிலிருந்தே முழு டெஸ்க்டாப்பாகத் திறக்கும். வைஃபை, ஒலி, டச்பேட், கேமரா நான்கையும் சோதியுங்கள். வைஃபை மட்டும் வரவில்லை என்றால் பிராட்காம் சிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். மொபைலை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் கொடுத்தால் நெட் வந்துவிடும். டிரைவரைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். என்விடியா டிரைவரும் பல வைஃபை சிப்புகளின் ஃபர்ம்வேரும் இன்றும் மூடிய மென்பொருள்தான். லினக்ஸ் போட்டாலும் லேப்டாப் நூறு சதவீதம் திறமூலம் ஆகிவிடாது.

படி 4: நிறுவுதல்

'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' ஐகானைத் திறங்கள். மல்டிமீடியா கோடெக் டிக்கைப் போடுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கினால் இங்கே ஒரு கடவுச்சொல் கேட்கலாம். அதை எழுதி வையுங்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று சில விநாடிகள் மட்டும் நிற்கும். அதில் ஏதாவது விசையை அழுத்தி 'என்ரோல் மோக்' தேர்ந்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் என்விடியா போன்ற வெளி டிரைவர்கள் ஏறாது.

வட்டைப் பற்றிய திரையில்தான் நிதானம் வேண்டும். 'எரேஸ் டிஸ்க்' விண்டோஸையும் உங்கள் கோப்புகளையும் சேர்த்தே துடைத்துவிடும். 'சம்திங் எல்ஸ்' தேர்ந்து, நாம் ஒதுக்கிய காலியிடத்தைச் சொடுக்கி, கூட்டல் குறியை அழுத்துங்கள். வகை எக்ஸ்ட்4 (ext4), மவுன்ட் பாயின்ட் ஒரு சாய்கோடு (/). தொடக்க நிரல்கள் இருக்கும், ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ (EFI) பகுதியை ஃபார்மட் செய்யாதீர்கள். அது இரண்டு இயங்குதளத்துக்கும் பொது. ஸ்வாப்புக்கு (ரேம் நிரம்பும்போது உதவும் வட்டு இடம்) தனிப் பகுதி தேவையில்லை.

பட்டியலில் வட்டே தெரியவில்லையா? பயாஸில் சேமிப்பகம் இன்டெல் ஆர்எஸ்டி (RST) முறையில் இருக்கக்கூடும்; ஏஎச்சிஐ (AHCI) முறைக்கு மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸில் சேஃப் மோடை இயக்கி, ரீஸ்டார்ட்டில் பயாஸை மாற்றி, சேஃப் மோடிலேயே ஒருமுறை திறந்த பிறகு அதை அணையுங்கள்.

படி 5: நிறுவியபின்

அப்டேட் மேனேஜர், டிரைவர் மேனேஜர், டைம்ஷிஃப்ட் (சிஸ்டத்தின் காப்பு நகல் எடுப்பது) என்ற வரிசையில் போங்கள். தமிழில் தட்டச்ச ஐபஸ்-எம்17என் (ibus-m17n) தொகுப்பை நிறுவி, 'இன்புட் மெத்தட்' பகுதியில் ஐபஸைத் தேர்ந்து, லாக்அவுட் செய்து வந்து தமிழ்99ஐச் சேருங்கள். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் குப்பையாகத் தெரிந்தால் அந்த எழுத்துருவையும் இங்கே நிறுவினால் போதும். டேலி, போட்டோஷாப் வேலைக்கு விண்டோஸ் பக்கமே போவது நல்லது. அப்டேட் நின்ற அந்தப் பக்கத்தில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். மெஷினின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் யுடிசி (உலகப் பொது) நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நேர அமைப்பில் 'சிங்க் நவ்' அழுத்தினால் அப்போதைக்குச் சரியாகும்; லினக்ஸுக்குப் போய் வந்தால் மறுபடி மாறக்கூடும்.

மின்ட் பிடிக்கவில்லை என்றால், பயாஸ் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' பெயரை முதலில் மேலே ஏற்றி, விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகே மின்ட் பகுதியை அழியுங்கள். லெகசி மெஷினில் விண்டோஸின் தொடக்க நிரலை மீட்பு டிஸ்க் கொண்டு முதலில் திரும்ப எழுத வேண்டும். இல்லாவிட்டால் 'க்ரப் ரெஸ்க்யூ' (க்ரப் என்பது லினக்ஸின் தொடக்க நிரல்) என்ற கறுப்புத் திரையோடு நிற்கும்.