கன்கூனுக்குச் சீட்டு எடுக்குமுன்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ரொறன்ரோவில் பனி கொட்டும் ஜனவரியில், நான்கு மணிநேரம் பறந்தால் மெக்சிக்கோவின் கன்கூனில் 25 பாகை வெயில். கனடாவில் முதல் குளிர்காலத்தோடு மல்லுக்கட்டும் குடும்பத்துக்கு அந்த ஒரு வாரம் பெரிய ஆறுதல். விமானமும் ஹோட்டலும் சேர்ந்த விலை மலிந்த பொதியைக் கண்டதும் கையை வைத்துவிடாதீர்கள். இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர் முதலில் உறுதி செய்யவேண்டியது, கனடாவுக்குத் திரும்பி வரும் வழியை.

பி.ஆர். கார்ட், அதாவது நிரந்தர வதிவிட அட்டை, கையில் இருந்தால் வேலை சுலபம். கனடாவின் நிரந்தர வதிவாளருக்கு மெக்சிக்கோ விசா தேவையில்லை. கடவுச்சீட்டும் செல்லுபடியான கார்ட்டும் போதும். கார்ட் இன்னும் தபாலில் வராமல், நிரந்தர வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கடிதம் மட்டும் இருப்பவர்கள் பொறுத்திருங்கள். அந்தக் கடிதத்தைக் காட்டினால் திரும்பி வரும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கார்ட் இல்லாமல் வெளியே போய்விட்டால், அங்கிருந்தே தனியான பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். விடுமுறை முடிந்த பிறகும் ஹோட்டல் வாடகை ஏறிக்கொண்டிருக்கும்.

மாணவர்களும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் வழுக்குவது இன்னோர் இடத்தில். படிப்பு அனுமதிப் பத்திரம் விசா அல்ல. கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும், பலமுறை நுழைய உதவும் விசாதான் கணக்கு. அது செல்லுபடியாக இருந்தால் மெக்சிக்கோவும் விசா கேட்காது, கனடாவுக்குத் திரும்பவும் முடியும். அது காலாவதியாகியிருந்தால், அனுமதிப் பத்திரத்தில் இன்னும் இரண்டு வருடம் இருந்தாலும் பயன் இல்லை. பெற்றோருக்கான நீண்டகால சுப்பர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதே விதிதான்.

அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்கள் வெளியே போகவே வேண்டாம். கோரிக்கையும் போகும், திரும்பும் வழியும் அடைபடும். அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவர்கள் மெக்சிக்கோத் தூதரகத்திடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

அடுத்தது விமானப் பாதை. மலிவான சீட்டுகளில் பல டலஸ், ஹியூஸ்டன், அட்லான்டா வழியாகப் போகும். அமெரிக்காவில் விமானம் மாறுகிறவர் அமெரிக்கக் குடிவரவைக் கடந்தே ஆகவேண்டும். விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறும் ஏற்பாடு அங்கே இல்லை. ஆகவே நம் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும், பி.ஆர். கார்ட் அதற்கு ஈடாகாது. நூறு டாலர் கூடினாலும் நேரடி விமானத்தையே எடுங்கள்.

சீட்டில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும். தகப்பன் பெயர் முன்னுக்கும் பின்னுக்கும் மாறுவதும், குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருப்பதும் நம்மவர்களிடம் சாதாரணம். வெறுமையாக இருந்தால் விமான நிறுவனத்திடம் எப்படிப் பதிய வேண்டும் என்று முன்பே கேளுங்கள். பிறகு திருத்தினால் கட்டணம் கேட்கக்கூடும். ஒன்ராறியோவில் முகவர் மூலம் எடுத்தால் அவருக்கு, பயண முகவர்களை ஒழுங்குபடுத்தும் டைக்கோ (TICO) அமைப்பின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். முகவரோ விமான நிறுவனமோ முடங்கினால் அந்தப் பதிவு வழியாக இழப்பீடு கேட்கமுடியும்.

எப்போது போவது? நத்தார் முதல் புத்தாண்டு வரையும், மார்ச் பள்ளி விடுமுறையிலும் விலை உச்சத்தில் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகாத வயதென்றால் ஜனவரி நடுப்பகுதியே நல்லது. புயல் பருவம் நவம்பர் 30 உடன் முடிந்துவிடும். கரையில் கடற்பாசி குவிவதும் வசந்தம், கோடை மாதங்களில்தான் அதிகம். குளிர்காலத்தில் வருவது வடக்குக் காற்று. அது வீசும் இரண்டு மூன்று நாட்களில் கடல் கொந்தளிக்கும், தீவுகளுக்குப் போகும் படகுகளும் நிற்கலாம். அதனால் படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

பயண மருத்துவக் காப்புறுதியை மட்டும் தவிர்க்கவே வேண்டாம். வெளிநாட்டு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால் ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் தருவது நாளுக்கு அதிகபட்சம் 400 டாலர். உண்மையான செலவு அதைப் பலமடங்கு தாண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள், நோய் எத்தனை நாள் மாற்றமின்றி இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வாசியுங்கள். 90 நாள் அல்லது 180 நாள் என்று போட்டிருக்கும். அந்தக் காலத்துக்குள் டொக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தாலும் குறைத்திருந்தாலும், அந்த நோய்க்கான கோரிக்கையை நிராகரிக்க அது போதும். பயணத்துக்கு அத்தனை நாள் முன்பே மருந்துப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

பெட்டி அடுக்கும்போது இரண்டு பொருட்களை வெளியே எடுத்துவிடுங்கள். சளி, மூக்கடைப்புக்கு இங்கே வாங்கும் மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎபெட்ரின் இருக்கும். மெக்சிக்கோவில் அது தடை. மின்சிகரெட்டும் தடை. மின்செருகிகள் கனடாவில் உள்ளவைதான். கன்கூன் நேரமும் குளிர்காலத்தில் ரொறன்ரோ நேரமும் ஒன்று.

கன்கூனில் இறங்கிக் குடிவரவு முத்திரை வாங்கியதும், அதில் எழுதியிருக்கும் நாட்கள் உங்கள் பயணத்துக்குப் போதுமா என்று அங்கேயே பாருங்கள். சுங்கம் தாண்டினால் ஒரு நீண்ட கூடம். சீருடை போட்டவர்கள் "உங்கள் வண்டி இங்கே" என்று மறிப்பார்கள். பெரும்பாலானோர், விடுதியில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் பங்கை (டைம்ஷேர்) விற்பவர்கள். இலவச காலைச் சாப்பாடு என்று கூப்பிட்டு அரை நாளைத் தின்றுவிடுவார்கள். நிற்காமல் கட்டடத்துக்கு வெளியே போங்கள், முன்பதிவு செய்த வண்டிகள் அங்கேதான் நிற்கும். நகர மையத்துக்கோ, தெற்கே உள்ள கடற்கரை ஊரான பிளாயா டெல் கார்மெனுக்கோ போக அடோ (ADO) நிறுவனத்தின் பஸ் இருக்கிறது, மலிவும் ஒழுங்கும்.

கார்டில் பணம் கட்டும்போது இயந்திரம் கனடிய டாலரா மெக்சிக்கோவின் பேசோவா என்று கேட்டால் பேசோவை அழுத்துங்கள். டாலரை அழுத்தினால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான்.

சைவச் சாப்பாட்டுக்காரர் அதிகம் ஏமாறுவது சோற்றிலும் பயற்றிலும். பீன்ஸ் கறி பன்றிக் கொழுப்பில் வதங்கியிருக்கும், சோறு கோழிச்சாற்றில் வெந்திருக்கும். பார்வைக்கு இரண்டும் சைவம். ஸ்பானிஷில் "தியேனே மாந்தேக்கா?" என்று கேட்டால் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று அர்த்தம். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ" என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் தனித்தனியே மறுக்கவேண்டும். கார்னே வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரும். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாதவர் "சின் ரெஸ்" என்றால் போதும். சோளத் தோர்த்தியா, அவகாடோ, சீஸ், பழங்கள் நம்பிச் சாப்பிடக்கூடியவை. குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், பல் துலக்கவும் போத்தல் தண்ணீர்தான். வயிற்றோட்டம் வந்தால் மருந்துக்கடையில் "சுயேரோ ஓரல்" கேளுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் தருவார்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் நம்மில் நிறையப் பேர். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் இடுப்பளவு தண்ணீரும் ஆபத்து, அலை உள்ளே இழுத்துவிடும். கறுப்புக் கொடி என்றால் கடலுக்கே இறங்கக்கூடாது. செனோத்தே எனப்படும் நிலத்தடிக் குளங்கள் அழகானவை. ஆனால் படிக்கட்டு முடிந்த இடத்திலேயே ஆழம் தொடங்கிவிடலாம். உயிர்காப்பு அங்கியை வாங்கிப் போட்ட பிறகே பிள்ளைகளை இறக்குங்கள். இறங்குமுன் குளித்து, பூசிய வெயில் களிம்பைக் கழுவச் சொல்வார்கள்.

திரும்பும்போது, 48 மணிநேரத்துக்கு மேல் வெளியே இருந்தவர் ஆளுக்கு 800 டாலர் பெறுமதியான பொருட்களை வரியின்றிக் கொண்டுவரலாம்; சாராய வகை மது என்றால் 1.14 லீட்டர். போன தேதியையும் வந்த தேதியையும் குறித்து வையுங்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது ஐந்து வருடத்துக்குள் கனடாவில் இருந்த 1,095 நாட்களைக் காட்டவேண்டும். அப்போது ஒவ்வொரு பயணத்தின் தேதியையும் கேட்பார்கள்.