பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு

செக்-இன் கவுன்டரில் ஒரு மாணவரைத் திருப்பி அனுப்பக் காய்ச்சல் தேவையில்லை. கோவிட் பரிசோதனை அறிக்கையில் பாஸ்போர்ட் எண்ணின் ஒரு இலக்கம் மாறியிருந்தால் போதும். சாம்பிள் கொடுத்த நேரம் மூன்று மணி நேரம் முந்திப் போயிருந்தாலும் போதும். காகிதங்களை முதலில் பார்ப்பவர் விமான நிறுவன ஊழியர். நுழைவுத் தகுதி இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால், அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு அந்த நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் சந்தேகம் வந்தால் ஏற்ற மாட்டார்கள். தரையிறங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள்.

டிக்கெட்டுக்கு முன் ஒரு மின்னஞ்சல்

பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, நான்கு விஷயங்களுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வகுப்பு நேரடியாக நடக்கிறதா? கடைசியாக எந்தத் தேதிக்குள் வந்து சேர வேண்டும்? தனிமைப்படுத்தல் எங்கே, எத்தனை நாள்? அதற்கு யார் பணம் கட்டுவது? தொலைபேசியில் சொன்ன பதில் குடியேற்றக் கவுன்டரில் உதவாது.

முதல் கேள்வியை அலட்சியப்படுத்த வேண்டாம். 2020 இலையுதிர்காலப் பருவத்தில், முழுக்க ஆன்லைனில் மட்டும் படிக்கப்போகும் புதிய மாணவர்களை அமெரிக்கா நாட்டுக்குள் விடவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல், கோவிட் தயார்நிலைத் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்ற கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கே கனடா கதவைத் திறந்தது. கையில் விசா இருந்தும் நுழைய முடியாதவர்கள் இருந்தார்கள்.

தடுப்பூசிக் கணக்கு

கடைசி டோஸ் போட்டு 14 நாள் ஆனால்தான் முழுமையாகப் போட்டவர் என்று பல நாடுகள் ஏற்றன. இரண்டு டோஸ்களுக்கு இடையே சில வாரங்கள் வேண்டும் என்பதால், மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகாலப் பட்டியலில் உள்ள தடுப்பூசிதானா, போகும் நாடு அதை ஏற்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. சான்றிதழில் முழுப் பெயர், நாள்-மாதம்-ஆண்டு கொண்ட பிறந்த தேதி, தடுப்பூசியின் பெயர், ஒவ்வொரு டோஸின் தேதி, வழங்கிய அமைப்பு ஆகியவை இருக்க வேண்டும். பிறந்த ஆண்டு மட்டும் போட்ட சான்றிதழ்கள் சிக்கலில் மாட்டின.

பெருந்தொற்றுப் பரபரப்பில் மறந்துபோவது பழைய தடுப்பூசிகள். தட்டம்மைக்கான எம்எம்ஆர் இரண்டு டோஸ், குறைந்தது 28 நாள் இடைவெளியில், பல பல்கலைக்கழகங்கள் கேட்பது. காசநோய்க்கான தோல் பரிசோதனையும் கேட்டால், எம்எம்ஆர் போடும் அன்றே அதையும் செய்யுங்கள், அல்லது 4 முதல் 6 வாரம் கழித்துச் செய்யுங்கள். இடைப்பட்ட நாட்களில் செய்தால், நோய்க்கிருமி இருந்தும் இல்லை என்று தவறான முடிவு வரலாம்.

டிக்கெட்

ஒரே முன்பதிவு எண்ணில், முடிந்தவரை ஒரே ஒரு இடைநிறுத்தத்தோடு எடுங்கள். இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டவைத்தால் மலிவாகத் தெரியும். ஆனால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். அங்கே எல்லை மூடியிருந்தால் கதை முடிந்தது. முந்தைய 14 நாட்களில் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்று கேட்கும் விதிகளும் வரும். விமானம் மாறும் ஊரும் அந்தக் கணக்கில் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

'கட்டணமின்றித் தேதி மாற்றலாம்' என்ற வாசகத்தில் ஏமாற வேண்டாம். மாற்றக் கட்டணம்தான் இல்லை. புதிய தேதியின் விலை கூடுதலாக இருந்தால் வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். விமானம் ரத்தாகும் என்று தோன்றினால் அவசரப்பட்டு நீங்களே ரத்து செய்யாதீர்கள். நிறுவனம் ரத்து செய்தால் பல நாடுகளில் பணத்தைத் திரும்பக் கேட்க உரிமை உண்டு. நீங்கள் ரத்து செய்தால் பெரும்பாலும் வவுச்சரோடு சரி.

காப்பீட்டில் பார்க்க வேண்டியது இரண்டு. பெருந்தொற்று விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்பது ஒன்று. இன்னொன்று தொடக்கத் தேதி: பல்கலைக்கழகக் காப்பீடு பருவம் தொடங்கும் நாளில்தான் உயிர் பெறும் என்றால், பயணத்துக்கும் தனிமை நாட்களுக்கும் தனியாக எடுக்க வேண்டும்.

72 மணி நேரம் என்றால் எதிலிருந்து எதுவரை?

பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த, தொற்று இல்லை என்ற பரிசோதனை அறிக்கையைப் பல நாடுகள் கேட்டன. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். கடிகாரம் தொடங்குவது அறிக்கை வந்த நேரத்தில் அல்ல, மூக்கில் குச்சி விட்ட நேரத்தில். முடிவது நாட்டுக்கு நாடு மாறும்: சிலருக்குத் தரையிறங்கும் நேரம், சிலருக்கு முதல் விமானம் கிளம்பும் நேரம். கனடா கேட்டது, தன் நாட்டுக்கு நேராக வரும் கடைசி விமானத்தின் அட்டவணை நேரத்திலிருந்து 72 மணி நேரம். அமெரிக்கா 2021 ஜனவரியில் மூன்று நாள் என்றது, டிசம்பர் 6 முதல் ஒரு நாள் ஆக்கியது. இரண்டுமே மணிக்கணக்கு இல்லை, காலண்டர் நாள் கணக்கு.

உதாரணமாக, முதல் விமானம் சனிக்கிழமை அதிகாலை 2 மணி. மாறி ஏறும் விமானம், உங்கள் ஊர் நேரப்படி, சனி காலை 9 மணி. விதி, கடைசி விமானத்திலிருந்து 72 மணி நேரம். அப்படியானால் புதன் காலை 9 மணிக்கு முன் கொடுத்த சாம்பிள் செல்லாது. புதன் 10 மணிக்குக் கொடுத்தால் கையிருப்பு ஒரு மணி நேரம்தான். விமானத்தை மாற்றி வேறு நேரத்தில் ஏற்றினாலே காலாவதி. வியாழன் காலை 7 மணிக்குக் கொடுங்கள். கடைசி விமானத்துக்கு 50 மணி நேரம் இருக்கும், தாமதத்துக்கு 22 மணி நேரம் மிச்சம், அறிக்கை வர வெள்ளி மாலை வரை அவகாசம். எல்லா நேரத்தையும் ஒரே நேர மண்டலத்துக்கு மாற்றித் தாளில் எழுதிக் கணக்குப் போடுங்கள். ஆய்வகம் 24 மணி நேரத்தில் தருவதாகச் சொன்னால் 36 என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

அறிக்கை கைக்கு வந்ததும் அங்கேயே நின்று சரிபாருங்கள்: பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பரிசோதனையின் வகை, சாம்பிள் எடுத்த தேதியும் மணியும், ஆய்வகத்தின் முகவரி. பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய பெயர் அறிக்கையில் வெறும் இனிஷியலாக இருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். வெள்ளி இரவு ஆய்வகம் பூட்டியிருக்கும்.

சமீபத்தில் தொற்று வந்து குணமானவர்கள் அந்த 'பாசிட்டிவ்' அறிக்கையைக் கிழித்துப் போட வேண்டாம். குணமான பிறகும் செத்த வைரஸின் துணுக்குகளைப் பிசிஆர் பரிசோதனை பல வாரம் காட்டும். அதனால் பழைய பாசிட்டிவ் அறிக்கையை மாற்றாக ஏற்ற நாடுகள் உண்டு. அமெரிக்கா 90 நாளுக்குள் எடுத்ததை, பயணத்துக்குத் தகுதி என்ற மருத்துவர் கடிதத்தோடு ஏற்றது.

கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரம் விருந்தும் வழியனுப்புக் கூட்டமும் வேண்டாம். உறவினர்கள் கோபித்துக்கொள்வார்கள்தான், அதைப் பிறகு சமாளித்துக்கொள்ளலாம்.

கைப்பை

காகிதங்கள் இரண்டு அச்சுப் பிரதி, ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில். போனில் மட்டும் வைத்திருப்பது சார்ஜ் தீரும் வரைதான். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்ஏஎச்சை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74, தாராளமாகப் போகலாம்.

மாஸ்க் என்95 அல்லது எஃப்எஃப்பி2, வால்வு இல்லாதது. வால்வு வைத்ததைப் பல விமான நிறுவனங்கள் அனுமதிக்கவில்லை. 20 மணி நேரப் பயணத்துக்கு ஐந்தாறு போதும், ஈரமானால் மாற்றுங்கள். தாடி இருந்தால் விளிம்பு முகத்தில் ஒட்டாது, மழித்துவிட்டே போங்கள். சானிடைசரில் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, குப்பி 100 மில்லிக்கு மேல் வேண்டாம்.

மருந்துகளை அசல் அட்டையோடு, மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். சளி மாத்திரை சாதாரணமானது என்று நினைக்க வேண்டாம்: சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ளதை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. காய்ச்சல் பார்க்க டிஜிட்டல் தெர்மாமீட்டர். பாதரசத் தெர்மாமீட்டர் கைப்பையில் போகாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கினால் நகப்பூச்சை அழித்துவிட்டுப் பாருங்கள், இல்லையேல் அளவு குறைத்துக் காட்டலாம்.

படிவமும் தனிமை நாட்களும்

வருகைப் படிவங்களுக்கு ஒரு வரிசை உண்டு. பிரிட்டனின் படிவத்தை வந்திறங்குவதற்கு 48 மணி நேரம் முன்பிருந்துதான் நிரப்ப முடிந்தது. அதற்குள் இறங்கிய பின் எடுக்கும் பரிசோதனைக்குப் பணம் கட்டி முன்பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். எண் இல்லாமல் படிவம் முடியாது. விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டு இதைச் செய்வது வேதனை.

படிவத்தில் தரும் தொலைபேசி எண், இறங்கிய அடுத்த நிமிடமே வேலை செய்ய வேண்டும். தனிமையில் இருக்கிறீர்களா என்று சுகாதாரத் துறை அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடும். உள்ளூர் சிம் வாங்கக் கடைக்குப் போவதே தனிமை விதியை மீறுவதாகிவிடும் என்பதால், ரோமிங்கை ஊரிலேயே செயல்படுத்துங்கள், அல்லது இ-சிம் வாங்கிப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். அறை பதிவு செய்யும்போது திறக்கக்கூடிய ஜன்னல், தனிக் குளியலறை, உணவைக் கதவருகே வைத்துப் போகும் வசதி மூன்றையும் கேளுங்கள். முதல் இரண்டு நாளுக்கான உணவு, மாற்றுத்துணி, மருந்து, சார்ஜர் எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். பெட்டி வந்து சேர ஓரிரு நாள் தாமதமானால், அதைத் தேடிக்கொண்டு நீங்கள் வெளியே போக முடியாது.