தூண்டில் போடுகிறவர்கள் தண்ணியைப் பார்ப்பதில்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில் பவானிக் கரையிலோ ஏதாவது ஊர்க் குளத்தங்கரையிலோ பார்த்தால் தெரியும். புது ராடு, ரீல், பெட்டி நிறையச் சாமான் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். பத்தடி தள்ளி மூங்கில் கம்போடு ஒரு பையன். மீன் பையனுக்குத்தான் விழும். அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இவர் சாமானைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவன் தண்ணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதுதான் விஷயம்.

கோளாறு கடையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பெரிய மீன் ஆசையில் தடித்த நரம்பும் (தூண்டில் நூல்) பெரிய முள்ளும் வாங்கிவிடுகிறார்கள். நம் பக்கத்துக் குளங்களில் பெரும்பாலும் விழுவது ஜிலேபி மீன். அதன் வாய்க்குள் அந்த முள் நுழையவே நுழையாது. முள்ளில் இரையாக வைத்த மாவை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டுப் போய்விடும். ஜிலேபிக்குச் சின்ன முள்ளும் 0.20 மி.மீ. நரம்பும் போதும். கட்லா, ரோகு என்றால் 0.30 வரை போகலாம்.

நரம்பைவிட முடிச்சில்தான் நிறைய மீன் போகிறது. நைலானைக் காய்ந்தபடியே இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அந்த இடம் பலமிழந்துவிடும். எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்க வேண்டும். 'பெரிய மீனுங்க, அறுத்துட்டுப் போயிருச்சு' என்று யாராவது சொன்னால் அவர் நரம்பின் நுனியை வாங்கிப் பாருங்கள். பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் மீன் அறுக்கவில்லை, முடிச்சு உருவிக்கொண்டது.

ட்ரவுட் பிடிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, பூச்சி போல இறகு கட்டிய தூண்டிலும் அதற்கான நீள ராடும் வாங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். வெள்ளைக்காரர் காலத்தில் நீலகிரியில் கொண்டுவந்து விட்டார்கள்; அவலாஞ்சியில் அதற்கென்றே குஞ்சு பொரிப்பகம் உண்டு. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே அதை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. அந்த இறகுத் தூண்டில் முறையில் வீசுவதற்கான எடை முள்ளில் இல்லை, நரம்பில் இருக்கிறது. வீசுவதற்குப் பின்னால் வெட்டவெளி வேண்டும். நம் கரைகளில் பின்னால் இருப்பது சீமைக் கருவேல். முதலில் தக்கைத் தூண்டிலை, அதாவது நரம்பில் மிதக்கும் தக்கை கட்டிய தூண்டிலைப் பழகுங்கள்.

தக்கை என்றதும் ஆழம். கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும், அது மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுத்தண்ணியில், மிர்கால் அடியில். மூன்றுக்கும் ஒரே ஆழத்தில் தக்கையைக் கட்டி வைத்துவிட்டு 'இன்னிக்கு மீனே இல்லை' என்றால் எப்படி? ஆழத்தை அளப்பது எளிது. முள்ளில் ஒரு கனமான ஈயத்தை மாட்டிப் போடுங்கள். தக்கை முங்கினால் ஆழம் இன்னும் இருக்கிறது; படுத்துக்கொண்டால் நரம்பு அதிகம். தக்கை நுனி மட்டும் நிற்கும்வரை நகர்த்தினால் அடி கிடைத்துவிடும்.

எப்போது இழுப்பது என்பதிலும் அவசரம். தக்கை நடுங்கினாலே இழுத்துவிடுகிறார்கள். நடுக்கம் என்பது ஜிலேபியோ பொடி மீனோ கொத்திப் பார்ப்பது. தக்கை முங்கும்வரை கை பேசாமல் இருக்க வேண்டும். மிர்கால் வேறு மாதிரி. அடியில் கிடக்கும் இரையை வாயில் எடுத்துக்கொண்டு மேலே தூக்கும். நரம்பில் கட்டிய ஈயத்தின் எடை போய்விடுவதால் தக்கை முங்குவதற்குப் பதிலாக எழும்பிப் படுத்துக்கொள்ளும். முங்கட்டும் என்று காத்திருந்தால் துப்பிவிடும்.

மாவை இளக்கமாகப் பிசைந்தால் வீசும்போதே கழன்றுவிடும், கெட்டியாகப் பிசைந்தால் முள் வெளியே வராது. கொஞ்சம் பஞ்சை இழை இழையாகப் பிய்த்து மாவோடு பிசைந்தால் இளக்கமாகவும் இருக்கும், முள்ளிலும் நிற்கும். நம் ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்! அப்புறம், கடலைப் புண்ணாக்கும் தவிடும் உருட்டிப் போடுவதில் கணக்கு வேண்டும். மீனைக் கூப்பிடத்தான் அது, விருந்து வைக்க அல்ல.

குளம், அணை எல்லாவற்றிலும் மீன்பிடி உரிமை யாரோ ஒருவரிடம் இருக்கும். கரையில் இருப்பவரிடம் 'ஏனுங்கண்ணா, இங்க தூண்டில் போடலாமுங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பாதிச் சண்டை வராது. எங்கே மீன் நிற்கிறது என்பதும் அவர் வாயிலிருந்தே வந்துவிடும்.

இனி உயிர் விஷயம். பில்லூர் அணையில் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் விட்டால் மேட்டுப்பாளையத்தில் பவானி திடீரென ஏறும். வானத்தில் மேகமே இருக்காது. நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கரையோரக் கல் ஒன்றைக் குறித்து வைத்து அடிக்கடி பாருங்கள். காய்ந்திருந்த இடம் நனைந்தாலோ, சருகும் நுரையும் கூடுதலாக மிதந்து வந்தாலோ, சாமானை விட்டுவிட்டாவது கரையேறுங்கள். அமராவதி அணையில் முதலைகள் உண்டு. அங்கே முழங்கால் தண்ணியில் நிற்பது வீரமில்லை. வாய்க்கால் ஓரம் மின்கம்பி போகிற இடத்தில் கார்பன் ராடைத் தூக்கவே கூடாது, அதில் மின்சாரம் பாயும்.

கெளுத்தியையும் தேளியையும் சும்மா கையை நீட்டிப் பிடிக்கக் கூடாது. பக்கத் துடுப்பு முள் குத்தினால் கடுகடுக்கும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும். முள் உள்ளே முறிந்திருந்தால் மருத்துவரிடம்தான்.

பிடிக்கக் கூடாத மீனும் உண்டு. தண்ணிமேல் செக்கச்செவேலெனக் குஞ்சுகள் கூட்டமாக வந்துபோனால் கீழே தாய் தகப்பன் விரால் காவல் நிற்கிறது. அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் கோபத்தில் பாய்ந்து கவ்வும், அதனால்தான் சுலபமாக மாட்டும். அதைத் தூக்கிவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. மோயாற்றின் திமில் மகசீர் இன்னும் பாவம். காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் இந்த மீன் 2018-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தவறி மாட்டினால் தண்ணிக்குள் வைத்தபடியே முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டும். போட்டோவுக்காகத் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

நொய்யல் ஆற்றைப் பற்றியும் கேட்பார்கள். திருப்பூருக்குக் கீழே சாயக்கழிவு எவ்வளவு காலம் ஓடியது என்பது ஊரறிந்த கதை. 2011-இல் உயர் நீதிமன்றமே சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் மீன் துள்ளுகிறதே என்று தூண்டிலோடு போகிறவர்கள் போகட்டும், பிடித்ததைச் சட்டியில் மட்டும் போட வேண்டாம்.