ஸ்போர்ட்ஸ் காருக்குக் குளிர்ந்த காற்று: ஃபில்டரை எங்கே வைப்பது?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும்போது, பானெட்டுக்குள் திறந்தபடி பொருத்தப்பட்ட கூம்பு வடிவக் காற்று ஃபில்டர் ரேடியேட்டரின் வெப்பக் காற்றையே உறிஞ்சுகிறது. சத்தம் கூடுமே தவிர, இழுவை கூடாது. 60 டிகிரி காற்றுக்குப் பதிலாக 35 டிகிரி காற்று உள்ளே சென்றால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 8 சதவீதம் உயர்ந்து, என்ஜினுக்கு அதிக ஆக்சிஜன் கிடைக்கும் என்பதால், ஃபில்டரைச் சுற்றி அலுமினியத் தகட்டால் பெட்டி அமைத்து, அதன் விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டி, பானெட்டை மூடும்போது அது இடைவெளியின்றி அழுந்துமாறு செய்து, முன் கிரில்லிலிருந்து குழாய் வழியே வெளிக்காற்றைக் கொண்டுவருவதே சிறந்தது. பலன் தெரிய, காரின் சென்சார் அளவுகளைக் காட்டும் ஓபிடி கருவியில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையை முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பம்பருக்கு அடியில் ஃபில்டரை இறக்கினால் இன்னும் குளிர்ந்த காற்று கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வியாசர்பாடி, கணேசபுரம் சுரங்கப்பாதைகளில் மழைநீர் தேங்குவதைப் பார்த்தவர் எவரும் அதற்குத் துணியமாட்டார். சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப்போல் அமுங்காது; பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

எண்ணெய் தடவும் வகை ஃபில்டரானால், கழுவிய பின் எண்ணெயை அளவாகவே இடுங்கள். மிகுதியானது காற்றளவு சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து, என்ஜின் தடுமாறும்.