பிடித்ததைப் பகிரும்போது நாம் சொதப்பும் இடங்கள்

இளையராஜா ரசிகர்களில் பாதிப் பேருக்கு ஒரு வியாதி உண்டு. பாட்டைப் போடுவார்கள், கேட்க விடமாட்டார்கள். "இப்ப கவனிங்க, இந்த இடத்துல வயலின் வரும்" என்பார்கள். வயலின் வந்துவிட்டுப் போயிருக்கும், நம் காதில் விழுந்தது அவர் குரல்தான். சரணத்துக்கு முன்னால் கையை உயர்த்தி, கண்ணை மூடி, ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து நம் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே "அருமை சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர்கள் நிறையப் பேர்.

பாட்டு, சிலேடை, தியானம், கிரிவலம் என்று நமக்கு உயிரான எதைப் பகிர்ந்தாலும் காரியம் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். எதிரில் இருப்பவருக்கு வேண்டியது பாட்டு. நமக்கு வேண்டியதோ, அவர் முகத்தில் ஒரு வியப்பு. இந்த இரண்டாவது ஆசையை எவ்வளவு அடக்குகிறோமோ அவ்வளவு தூரம் பாட்டு போய்ச் சேரும்.

விளக்கத்தை முன்னால் வைப்பது முதல் தவறு. 'சிந்து பைரவி' (1985) படத்தில் யேசுதாஸ் பாடிய 'கலைவாணியே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணி ராகம். ஆனால் மெட்டு ஆரோகணத்திலேயே போகும், அவரோகணம் கிடையாது. அதாவது ஸ்வரங்கள் படியேறிக்கொண்டே இருக்கும். கீழே வர வேண்டுமென்றால் படிப்படியாக இறங்காமல் ஒரே தாவாகத் தாவி வந்து மறுபடி ஏற ஆரம்பிக்கும். இசை தெரிந்தவர்கள் இதை ஒரு சாதனை என்றே சொல்வார்கள். ஆனால் இதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டால், ராகம் தெரியாத ஆள் பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததுபோல் நெளிவார். எங்கே ஏறியது, எங்கே இறங்கவில்லை என்று தேடுவதிலேயே பாட்டு முடிந்துவிடும். அவரைச் சும்மா கேட்க விடுங்கள். அவருக்குப் பிடித்திருந்தால் மட்டும், நாலு நாள் கழித்து வேறு ஏதோ பேசும்போது, "அந்தப் பாட்டுல ஸ்வரம் இறங்கவே இறங்காது, கவனிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். நாம் சொல்லாமலேயே அவர் இன்னொரு முறை கேட்பார். பிடிக்கவில்லையா, அந்தத் தகவல் அவருக்குத் தேவையே இல்லை.

அடுத்தது, சான்றிதழ் காட்டுவது. உலகின் மிகப் பிரபலமான பாட்டு எது என்று 2002-இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் 'ராக்கம்மா கையத் தட்டு' உலக அளவில் நான்காம் இடம் பிடித்தது. இதைச் சொல்லாமல் அந்தப் பாட்டை அறிமுகம் செய்யும் ரசிகரை நான் இன்னும் பார்க்கவில்லை. சரி, அதே வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது அயர்லாந்தின் ஒரு தேசபக்திப் பாட்டு. அதைத் தேடிப் போய்க் கேட்டவர் எத்தனை பேர்? இடமும் விருதும் ஏற்கெனவே ரசிப்பவனுக்குத் தெம்பு தரும், புதிதாகக் கேட்பவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதைவிட, அந்த ஆட்டப் பாட்டின் நடுவே திடீரென்று மேளம் அடங்கி "குனித்த புருவமும்" என்று அப்பர் தேவாரம் நுழைவதை அவரே தற்செயலாகக் கண்டுபிடிக்கட்டும். ஏழாம் நூற்றாண்டில் தில்லைக் கூத்தனைப் பாடிய பதிகம் 1991-இல் ரஜினி படத்தில் வருகிறது என்பதைக் கேட்பவர் தானாக உணரும்போது கிடைக்கும் சந்தோஷத்தை நாம் முந்திக்கொண்டு பறிக்கக் கூடாது.

அப்புறம், இருபது பாட்டை ஒரே மூச்சில் வாட்ஸாப்பில் அனுப்புவது. இருபது அனுப்பினால் ஒன்றையும் கேட்கமாட்டார்கள். ஒன்று அனுப்பினால் கேட்க வாய்ப்பு உண்டு. அந்த ஒன்று எது என்று தேர்ந்தெடுப்பதில்தான் உழைப்பெல்லாம். நமக்கு மிக மிகப் பிடித்த பாட்டு பெரும்பாலும் சரிவராது, ஏனென்றால் அதில் பாதி நம்முடைய கல்லூரி விடுதி, நம்முடைய டீக்கடை, நம்முடைய காதல். அது அவருக்குக் கேட்காது. பஸ்ஸில் போகும்போது கேட்பவருக்கு ஒன்று, ராத்திரி தனியாகக் கேட்பவருக்கு வேறு ஒன்று. ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) பாணியையும் கர்நாடக சங்கீதத்தையும் சேர்த்துக் கோத்த 'ஹவ் டு நேம் இட்' (1986) எனக்கு உயிர். சமைத்துக்கொண்டே பாட்டுக் கேட்கும் மனிதருக்கு நான் அதைத் தரமாட்டேன்.

"இப்ப வர்றதெல்லாம் ஒரு பாட்டா?" என்று ஆரம்பிப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதிரில் இருப்பவரின் ரசனையை இரண்டு சாத்து சாத்திவிட்டு நம் ரசனையைப் பரிமாறினால் யாரும் வாய் வைக்கமாட்டார்கள்.

இந்த விஷயத்தில் பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். என் அக்கா மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள், பிடிஎஸ் (BTS) என்ற கொரிய இசைக்குழுவின் மேல் பைத்தியம். ஒரு நாள் இயர்போனில் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.

"மாமா, இது ஒண்ணு மட்டும் கேளுங்க. பிடிக்கலன்னா பாதியில நிறுத்திடலாம்."

"எனக்கு கொரியன் தெரியாதேம்மா."

"எனக்கும்தான் தெரியாது. கேளுங்க."

'ஸ்பிரிங் டே' என்ற பாட்டு. அது ஓடி முடியும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. முடிந்ததும், "பார்க்க முடியாமப் போன ஃப்ரெண்டைப் பத்தின பாட்டு மாமா" என்று ஒரே வரி. குழுவில் எத்தனை பேர், யார் எப்போது ராணுவத்துக்குப் போனார்கள் என்ற புராணமெல்லாம் நான் கேட்ட பிறகுதான் வந்தது. நிறுத்திக்கொள்ளலாம் என்ற அனுமதி, ஒரே ஒரு பாட்டு, முகம் பார்க்காமை. நாற்பது வயது ரசிகர்கள் பலருக்கு இந்த மூன்றும் கைவருவதில்லை. இன்னொன்று, அவள் என்னிடம் பழைய பாட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொள்வாள். தன் பங்கை மட்டும் ஊட்டிவிட்டு அடுத்தவர் தட்டில் என்ன இருக்கிறது என்றே பார்க்காதவர்களிடம் கொஞ்ச நாளில் யாரும் உட்கார மாட்டார்கள்.

சொல் விளையாட்டுக்கு வருவோம். இது இன்னும் மென்மையான சரக்கு. தமிழறிஞர் கி.வா.ஜகந்நாதன் பயணம் செய்த கார் வழியில் நின்றுவிட்டதாம். கூட வந்தவர்கள் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தள்ளப் போனபோது, "நான் என்ன தள்ளாதவனா?" என்றாராம். கதை உண்மையோ இல்லையோ, அந்த இடத்தில் அந்த நொடியில் விழுந்ததால்தான் அது சிலேடை. அதையே ஒருவர் "தள்ளாதவன்னா வயசானவன், இன்னொரு அர்த்தம் காரைத் தள்ளாதவன், புரிஞ்சுதா?" என்று விரித்தால் சிரிப்பு செத்துவிடும். புரியாதவரை விட்டுவிடலாம். விளக்கி வரவழைத்த சிரிப்பு இருவருக்குமே சங்கடம். துக்க வீட்டில் சிலேடை சொல்பவர்களும், ஆளின் பெயரை வைத்தே வருஷக் கணக்கில் கடிப்பவர்களும் தனி ரகம். அவர்களைத் திருத்த முடியாது.

ஆனால் விளக்கம் இல்லாமல் நுழையவே முடியாத சொல் விளையாட்டும் இருக்கிறது. காளமேகப் புலவரின் இந்த வெண்பா அப்படிப்பட்டது.

முக்காலுக் கேகாமுன் முன்னரையில் வீழாமுன்
அக்கா லரைக்கால்கண் டஞ்சாமுன் - விக்கி
இருமாமுன் மாகாணிக் கேகாமுன் கச்சி
ஒருமாவின் கீழரையின் றோது

இதை மேடையில் கடகடவென்று ஒப்பித்துவிட்டு உடனே பதம் பிரிக்கத் தொடங்குவது வழக்கம். அதுவே தவறு. கேட்பவர் முதல் வரியிலேயே பின்தங்கிவிடுவார். என் யோசனை, பாட்டை ஒளித்துவைத்துக்கொண்டு ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்: "முக்கால், அரை, கால், அரைக்கால்... அப்புறம் என்ன?" அரைக்காலோடு பெரும்பாலானவர்கள் நின்றுவிடுவார்கள். பழைய கணக்கு வாய்ப்பாடான எண்சுவடி கேட்டு வளர்ந்த தாத்தா யாராவது இருந்தால் உற்சாகமாகிவிடுவார். இருமா பத்தில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, ஒருமா இருபதில் ஒன்று, கீழரை 640-இல் ஒன்று. இதை மட்டும் சொல்லிவிட்டு, இப்போது வெண்பாவை மெதுவாகச் சொல்லுங்கள். முக்காலில் தொடங்கிக் கீழரை வரை பின்னங்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே வருவதை அவர்களே ஒவ்வொன்றாகப் பிடிப்பார்கள். குழந்தைகள் கத்துவார்கள்.

பொருளைக் கடைசியில் வையுங்கள். மூன்றாவது காலாக ஊன்றுகோல் வரும் முன், முன்னால் நரை விழும் முன், எமதூதரைக் கண்டு அஞ்சும் முன், விக்கி இருமும் முன், சுடுகாட்டுக்குப் போகும் முன், காஞ்சியில் ஒற்றை மாமரத்தடியில் இருக்கும் சிவனை இன்றே துதி. கணக்கு விளையாட்டு என்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள், தேய்ந்து வந்தது பின்னம் மட்டுமல்ல என்று தெரிந்ததும் கொஞ்சம் அமைதியாவார்கள். அந்த அமைதியில் "எப்படி!" என்று தொடையைத் தட்டாதீர்கள். காளமேகத்துக்கு நம் சிபாரிசு வேண்டாம்.

பக்தியும் தியானமும் வரும்போது தவறுகளின் விலை கூடிவிடுகிறது. பாட்டு பிடிக்காவிட்டால் ஐந்து நிமிடம்தான் நஷ்டம். இங்கே ஆளின் நம்பிக்கை, உடம்பு, சில நேரம் மனநலம் எல்லாம் சம்பந்தப்பட்டிருக்கிறது.

விபாசனா தியான முகாம் முடித்துத் திரும்புகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். எஸ்.என்.கோயங்கா என்ற ஆசிரியர் கற்பித்த வழியில் நடக்கும் பத்து நாள் முகாம், கட்டணம் இல்லை, பழைய மாணவர்களின் நன்கொடையில் நடக்கிறது. முகாமின் மௌனம் கலைந்ததும் சிலருக்குப் பேச்சு அணை உடைந்த மாதிரி வரும். "வாழ்க்கையே மாறிடுச்சு, நீயும் கட்டாயம் போகணும்" என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை. அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். முதல் மூன்று நாளும் மூக்கருகே மூச்சைக் கவனிப்பது மட்டும்தான், வேறு எதுவும் இல்லை. நான்காம் நாளுக்குப் பிறகு தினமும் மூன்று முறை ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்வார்கள். முட்டி பேசும். கைபேசி, புத்தகம், பேனா எதுவும் கிடையாது, புதியவர்களுக்கு மாலையில் பழமும் டீயும்தான். இரண்டாம் நாளோ ஆறாம் நாளோ பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றாதவர்கள் குறைவு. இதையெல்லாம் மறைத்து ஆனந்தத்தை மட்டும் சொல்லி ஒருவரை அனுப்பினால், முதல் நாள் இரவே அவர் நம்மைத் திட்டிக்கொண்டு படுத்திருப்பார்.

அதைவிடப் பெரிய தவறு, மன அழுத்தத்தில் இருக்கும் நண்பரிடம் "மாத்திரையெல்லாம் எதுக்கு, பத்து நாள் உட்கார்ந்துட்டு வா" என்பது. தீவிர மனநலப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சியைப் பரிந்துரைப்பதில்லை என்று முகாமின் விதிமுறையிலேயே இருக்கிறது. விண்ணப்பத்தில் உடல்நிலை, மனநிலை பற்றிக் கேட்பதும் அதனால்தான். நமக்கு நல்லது செய்த ஒன்றை மருந்துச் சீட்டாக எழுதித் தரும் உரிமை நமக்குக் கிடையாது. கிரிவலத்துக்கும் இதே கதைதான். 14 கிலோமீட்டர், பௌர்ணமிக் கூட்டம், பலர் வெறுங்கால். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்த பெரியவரை "அண்ணாமலையான் பார்த்துக்குவான் வாங்க மாமா" என்று செருப்பைக் கழற்ற வைப்பது பக்தியில் சேராது.

இன்னொரு பழக்கம், எல்லாவற்றுக்கும் அறிவியல் முத்திரை குத்துவது. விபூதி, மணியோசை, வலம் வருவது என எதற்கும் ஒரு 'விஞ்ஞான விளக்கம்' சொல்லி ஃபார்வர்டு செய்கிறார்கள். அது பொய் என்று தெரிந்த அன்றே அந்த வழிபாட்டின் மீதும் கேட்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். "எனக்கு அங்கே நடக்கும்போது மனசு லேசாகுது" என்பதை யாரும் மறுக்க முடியாது, ஏனென்றால் அது உங்கள் அனுபவம். அதோடு நிறுத்தினால் நாத்திக நண்பரும் காது கொடுப்பார்.

அவர் வேண்டாம் என்றால்? "உனக்கு இன்னும் நேரம் வரல" என்ற வசனம் தயாராக இருக்கும். கேட்பதற்குப் பணிவாகத் தோன்றும், உள்ளே இருப்பது 'நீ இன்னும் பக்குவப்படவில்லை' என்ற தீர்ப்பு. மறுத்தவர் வேறு மதத்தவராக இருக்கலாம், கடவுளே வேண்டாம் என்று யோசித்து முடிவெடுத்த பெரியார் வழிக்காரராக இருக்கலாம், வெறுமனே ஞாயிற்றுக்கிழமை தூங்க ஆசைப்படுகிறவராகவும் இருக்கலாம். "சரி" என்ற பதிலே போதும்.

வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. வருகிறவர் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். சன்மார்க்கம் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் சாப்பிட்டுவிட்டுக் கேட்கலாம், விரும்பாதவர் கை கழுவிவிட்டுப் போகலாம். இப்படிப் பகிரும் தைரியம் எல்லோருக்கும் வராது.

கடைசியாக, பின்தொடர்தல். "கேட்டியா?" "உட்கார்ந்தியா?" "எத்தனை நிமிஷம் உட்கார்ந்தே?" ஒரு தடவை கேட்கலாம். இரண்டாவது தடவை அது கந்துவட்டி வசூல். பதில் வரவில்லை என்றால் அடுத்த முறை பேசும்போது கிரிக்கெட் பேசுங்கள், அவர் பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரியுங்கள். ஒரு வருஷம் கழித்து அவரே "அந்தப் பத்து நாள் கேம்ப் எங்கேன்னு சொன்னே?" என்று கேட்கலாம், கேட்காமலும் போகலாம். கேட்டால் விவரத்தைக் கொடுங்கள். முட்டி வலியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.