உலாவியைப் புதுப்பித்த பிறகும் ஓட்டை அடைபடாமல் இருப்பது ஏன்?

2024 அக்டோபரில் ஃபயர்பாக்ஸ் உலாவியில் ஒரு நினைவகப் பிழை வெளிப்பட்டது. தாக்குபவர்கள் அதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். தகவல் வந்த 25 மணி நேரத்தில், அதை உருவாக்கும் மொசில்லா திருத்தத்தை வெளியிட்டது. இதைவிட வேகத்தை யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. அதன் பிறகு பொறுப்பு நம்முடையது. அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

அந்தப் பிழையின் வகைக்கு ‘யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ’ என்று பெயர். வேலை முடிந்த நினைவக இடத்தை உலாவி விடுவித்துவிடுகிறது. ஆனால் நிரலின் வேறொரு பகுதி பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அங்கே போகிறது. இடைப்பட்ட நேரத்தில் தாக்குபவர் தன் தரவை அங்கே புகுத்திவிட்டால், உலாவி அதைத் தன்னுடையதென நம்பி இயங்கும். குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் திட்டம் 2020இல் சொன்ன கணக்குப்படி, அதன் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகம் சார்ந்தவை. அவற்றில் பாதி இந்த வகை.

பெரிய தவறு, புதுப்பிப்பு இறங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. திறந்திருக்கும் உலாவி பழைய நிரலைத்தான் இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. மூடித் திறக்கும்வரை ஓட்டை அப்படியே இருக்கும். தாவல்கள் தொலைந்துவிடும் என்று பலர் வாரக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். புதுப்பிப்புக்காக மறுதொடக்கம் செய்யும்போது உலாவி வழக்கமாகத் தாவல்களை மீட்டுத் தரும். மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரங்களும் பாதி நிரப்பிய படிவங்களும் மீளாமல் போகலாம், அவற்றை மட்டும் முதலில் முடித்துவிடுங்கள். உதவிப் பட்டியலில் உள்ள ‘பற்றி’ பக்கத்தைத் திறந்தால், மறுதொடக்கம் பாக்கியா என்று தெரியும்.

“சந்தேகமான இணைப்பை நான் தொடுவதே இல்லை” என்ற நம்பிக்கையும் போதாது. அந்த ஃபயர்பாக்ஸ் தாக்குதலில் பக்கம் திறந்தாலே போதும், எதையும் சொடுக்க வேண்டியதில்லை. மறைநிலை காப்பாற்றும் என்பதும் தவறு; அது வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவே. உள்ளே ஓடுவது அதே நிரல்.

உலாவியை மட்டும் கவனித்து இயங்குதளத்தை விட்டுவிடாதீர்கள். அதே தாக்குதல், விண்டோஸில் இருந்த இன்னொரு பிழையைச் சேர்த்துக்கொண்டுதான் உலாவியின் பாதுகாப்பு வேலியைத் தாண்டியது. கணினியில் உள்ள அரட்டைச் செயலிகளையும் பாருங்கள். அவற்றில் பல, தமக்குள்ளேயே ஒரு குரோமியத்தைச் சுமப்பவை. 2023 செப்டம்பரில் வெப்பி (WebP) வடிவப் படங்களைக் கையாளும் நிரல் நூலகத்தில் நினைவகப் பிழை வெளிப்பட்டபோது, உலாவிகளோடு அத்தகைய செயலிகளும் தனித்தனியே திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

விண்டோஸ் 7 கணினியில் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.