பெரிய போட்டிகள் சறுக்கிய இடங்களில் உங்கள் சரக்குத் திட்டமும் சறுக்க வேண்டாம்

லண்டன் ஒலிம்பிக்ஸ் 2012 ஜூலை 27 அன்று தொடங்க இருந்தது. அதற்கு இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் மட்டுமே இருந்த நிலையில், காவலர்களைத் தருவதாக ஒப்பந்தம் போட்ட ஜி4எஸ் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம் சொன்ன அளவுக்கு ஆள் தர முடியாது என்று கைவிரித்தது. அரசு அவசரமாக 3,500 ராணுவ வீரர்களைக் கூடுதலாக இறக்கியது.

இதில் ஆள் கிடைக்காமல் போனதை மட்டும் பார்ப்பது போதாது. முதலில் கேட்டது 2,000 காவலர்கள், 2011 டிசம்பரில் அதை 10,400 ஆக்கினார்கள், அதுவும் அதே ஒரு நிறுவனத்திடமே. நேர்காணல் முடித்தவர்கள் பட்டியலில் ஏராளமாக இருந்தார்கள். ஆனால் பயிற்சி, சரிபார்ப்பு, அடையாள அட்டை, யாருக்கு எங்கே எந்த ஷிப்ட் என்ற படிகளில் வேலை தேங்கிவிட்டது.

சீசன் நேரத்தில் நாமும் இதே தவறைத்தான் செய்கிறோம். சப்ளையர் "எல்லாம் ரெடி" என்று போனில் சொன்னதும் நிம்மதியாகிவிடுகிறோம். அப்படி விடாதீர்கள். குடோனில் இன்று எத்தனை பெட்டி இருக்கிறது, லாரியில் எத்தனை, வெறும் ஆர்டராக எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள், வாரா வாரம் கேளுங்கள். ஆர்டரை ஐந்து மடங்கு ஏற்றினால் அதில் ஒரு பங்கையாவது இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள்.

அட்லாண்டா 1996 ஒலிம்பிக்ஸில் வேறொரு தவறு. வெளியூர்களிலிருந்து பஸ்களையும் டிரைவர்களையும் வரவழைத்தார்கள், அவர்களில் பலருக்கு ஊரின் பாதை தெரியவில்லை, வீரர்கள் தாமதமாக மைதானம் போய்ச் சேர்ந்தார்கள். வாடகை வண்டி பிடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எந்த கேட், எங்கே நிறுத்துவது, யாருக்கு போன் செய்வது என்பதையெல்லாம் காலி வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்துவிடுங்கள்.

மாற்றுப் பாதை இருக்கிறதே என்ற தைரியமும் ஆபத்துதான். 2022 மே 28, பாரிஸ் அருகே சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டி. ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயில் பாதையில் வேலைநிறுத்தம் என்பதால் லிவர்பூல் ரசிகர்கள் பெருங்கூட்டமாக டி பாதைக்கு மாறினார்கள். அங்கிருந்து மைதானத்துக்குப் போகும் வழியோ குறுகலானது, டிக்கெட் சோதனையும் அங்கேயே நடந்தது. நெரிசலில் குழந்தைகளும் மாட்டிக்கொண்டார்கள், ஆட்டம் 36 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. ஆகவே உங்கள் இரண்டாவது குடோனுக்கோ இரண்டாவது டிரான்ஸ்போர்ட்டருக்கோ முழுச் சுமையையும் தாங்கத் தெம்பு இருக்கிறதா என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

அப்புறம், எல்லாச் சரக்கையும் ஒரே அவசரத்தில் அனுப்புவதும் தவறுதான். ஃபார்முலா 1 கார் பந்தய அணிகள் ஐரோப்பாவுக்கு வெளியே நடக்கும் பந்தயங்களுக்குக் கார்களை விமானத்தில் கொண்டுபோகின்றன. தடுப்புகள், மேசை, நாற்காலி மாதிரி கனமான சாமான்களைப் பல செட்டாக வைத்துக்கொண்டு முன்கூட்டியே கப்பலில் அனுப்பிவிடுகின்றன. உங்கள் பட்டியலிலும் பேக்கிங் அட்டை, டேப், லேபிள் இதெல்லாம் இரண்டு மாதம் முன்னதாகவே வந்து இறங்கிவிடலாமே, கடைசி வாரத்து லாரியில் விற்கும் பொருளுக்கு மட்டும் இடம் விடுங்கள்.